கடல் ஏமாற்றவில்லை

"எதிர்பாராத விதமாகக் கடல் ஏற்றம் ஏமாற்றியதால், வீரர்களின் படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றன."

இந்த ஒரு வரியை எதிர்த்துத்தான் மரேவா அத்தை ஊரோடு சண்டை போட்டாள். ஒரு வரிக்கா இவ்வளவு என்று பலர் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பேசோ. பசிபிக் கடலில் தராவா என்ற தீவுக்கூட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் சின்னத் தீவு. அகலம் அரை மைல்கூட இல்லை. 1943 நவம்பர் இருபதாம் தேதி அமெரிக்கப் படை இங்கே இறங்கியது. ஜப்பானியர் தீவு முழுவதும் தென்னை மரத்தையும் சிமெண்டையும் வைத்துப் பதுங்குகுழி கட்டி, பீரங்கி வைத்துக் காத்திருந்தார்கள். மூன்று நாளில் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் செத்தார்கள். உலகத்தில் எங்கெங்கோ உள்ள படைக் கல்லூரிகளில் இந்தப் போர் ஒரு பாடம். எங்கள் பள்ளியில் அதற்கு ஒன்றரைப் பக்கம்தான்.

போர் வரைபடத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் கரைக்குப் பெயர் 'சிவப்பு இரண்டு'. அந்தக் கரைக்கு எங்கள் பாட்டன்மார் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகிற வெளிநாட்டுக்காரர் யாரும் இன்றுவரை அதைக் கேட்டதில்லை.

மரேவா அத்தை என் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா. அவளுடைய வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. பின்னால் ஒரு ஜப்பானியப் பதுங்குகுழி இருக்கிறது. அதன் மேல் துணி காயப்போடுவாள், உள்ளே பன்றி வளர்ப்பாள். அவளுடைய அப்பா தெமோக்கு வெளித்தீவுக்காரர். போர் முடிந்த மறு மாதம், இடிபாடுகளை அள்ளவும் மிச்சம் கிடந்தவர்களைப் புதைக்கவும் வெளித்தீவுகளிலிருந்து ஆள் எடுத்தார்கள். அப்படி வந்தவர், இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்ததாகச் சொல்வாராம். அத்தைக்கு அவர் சொன்ன கதைகளில் ஒன்றுதான் உறைத்தது. பாறையின் விளிம்பிலிருந்து கரைவரை, ஐந்நூறு அறுநூறு மீட்டருக்கு, தண்ணீருக்குள் துப்பாக்கியும் தலைக்கவசமும் தண்ணீர்க் குப்பியும் வரிசையாகக் கிடந்தனவாம். "கரையை நோக்கியே எல்லாம் கிடந்துச்சு. ஒருத்தனும் திரும்பி ஓடல" என்றாராம்.

அத்தை பத்து வயதிலிருந்து அதே பாறையில் சிப்பி பொறுக்கியவள். தீவுகள் வளைத்த உள்கடலான காயல் வற்றும்போது கூடையோடு இறங்குவாள், ஏறும்போது திரும்புவாள். கணவர் கையேயா கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் பத்து மாதம் ஹாம்பர்க், அது இது என்று எங்கோ இருப்பார். அவர் நெஞ்சுவலியில் போன பிறகு, சிப்பியையும் மீனையும் ஐஸ்பெட்டியில் வைத்துப் பாலத்து முனையில் விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். சந்தைப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் தளபதி.

"தளபதி வர்றா, வழி விடுங்கடி."

"எந்தப் படையைக் கூட்டிட்டு வர்றே தளபதி?"

"உங்க எல்லார் விலையையும் உடைக்கிற படைடி. இன்னிக்கு ஒரு மீன் கோர்வை ரெண்டு டாலர்தான். முடிஞ்சா நில்லுங்க."

போரைப் பற்றிப் பேச்சு வந்தால் சந்தையில் யாரும் அவளை ஜெயிக்க முடியாது. எந்தப் பீரங்கி எந்தத் திசை பார்த்திருந்தது, எந்தப் பதுங்குகுழியில் யார் கடைசிவரை சுட்டார்கள் எல்லாம் சொல்வாள். புத்தகம் படித்து வந்த அறிவல்ல அது. வருகிறவர்களைப் பாறைமேல் நடத்திக் கூட்டிப்போய், அவர்கள் பேசியதைக் காதில் வாங்கி, அப்பா சொன்னதோடு ஒட்டிப் பார்த்துச் சேர்த்தது.

கர்னல் விட்கோம் அப்படி வருகிறவர்களில் ஒருவர். ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான். வருஷம் தவறாமல் நவம்பரில் பத்துப் பன்னிரண்டு இளம் அதிகாரிகளோடு வருவார். கடற்சுவரில் நின்று மணலில் கோடு போடுவார். பால் டப்பாக்களைக் கவிழ்த்தால் பதுங்குகுழி, குச்சிகள் என்றால் படகு. அவர் பாடம் நடத்துவதைக் கேட்க எனக்கும் பிடிக்கும். ஜப்பானியர் கடல் பக்கமாகத்தான் தாக்குதல் வரும் என்று கண்ணிவெடியும் தடுப்பும் அந்தப் பக்கமே அதிகம் போட்டார்கள், இவர்கள் காயல் பக்கமாக வந்தார்கள், அதுதான் சாமர்த்தியம் என்பார். பாறை மேல் ஊர்ந்து ஏறும் வண்டிகள் முதல் மூன்று வரிசைக்குத்தான் போதுமாக இருந்தன, பின்னால் வந்தவர்கள் சாதாரணப் படகில் வந்தார்கள், அந்தப் படகு மிதக்க நாலடித் தண்ணீர் வேண்டும் என்பார். பிறகு கையை விரிப்பார்: "அன்றைக்கு நாலடி ஏறவில்லை. யாரும் நினைக்கவில்லை."

அங்கேதான் அத்தைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாரும் நினைக்கலையா? அன்னிக்கு என்ன நிலான்னு கேளு அவர்கிட்ட."

நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். தேய்கிற அரைநிலா என்றார் கர்னல்.

"அரைநிலாவுக்குக் கடல் எப்படி ஏறும்? பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் வாரி வாரி ஏறும், வாரி வாரி வத்தும். அரைநிலாவுல ஏறவும் ஏறாது, வத்தவும் வத்தாது. இடுப்புல நின்னுட்டு முழிக்கும். இது அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரியும்யா."

கர்னல் சிரித்து, தொப்பியைக் கழற்றி அவளை வணங்கினார். உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். இங்கே பல வருஷம் இருந்த வெள்ளைக்காரர்களைப் படை முன்கூட்டியே கேட்டது, பலர் ஐந்தடி இருக்கும் என்றார்கள், ஒருவர் மட்டும் மூன்றடிகூட இருக்காது என்று எச்சரித்தார், தளபதிகளும் பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான் என்று தெரிந்துதான் இறங்கினார்கள் என்றார். ஏற்றம் அதிகமாகும் நாள்களில் அது விடியுமுன்னும் சாயங்காலமும்தான் உச்சத்துக்கு வரும். பகல் வெளிச்சத்தில் கப்பல்கள் குண்டு போட்டு முடித்தபின் இறங்க அது தோதுப்படாது. தவிர, வேறு தீவுத் தாக்குதல்களின் தேதிகளும் இதோடு கட்டுண்டிருந்தன என்றார்.

அத்தை முழுக்கக் கேட்டாள். "சரி. காரணம் இருந்துச்சு. துணிஞ்சாங்க. அது தளபதியோட வேலை, நான் குறை சொல்லல. ஆனா அதை அப்படியே சொல்லணும். கடல் மேல பழி போடக் கூடாது."

"அடுத்த வருஷம் அப்படியே சொல்கிறேன்" என்றார் கர்னல். அடுத்த வருஷமும் கையை விரித்து அதையேதான் சொன்னார். எத்தனையோ முறை சொல்லிப் பழகிய பாடம், வாய் தானாகப் போகிறது போலிருக்கிறது.

பாடம் மணலில் எழுதினது, மறுநாள் அலை வந்து அழித்துவிடும் என்று அத்தை பொறுத்துக்கொண்டாள். பலகை விஷயம் அப்படியில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், போரின் எழுபத்தாறாம் ஆண்டு நினைவு நாளுக்குக் கரையில் ஒரு வெண்கலப் பலகை வைப்பதாக வெளிநாட்டிலிருந்து ஒரு நினைவுச் சங்கம் சொன்னது. ஊரில் விழா ஏற்பாடு செய்கிறவர் தொனானா. அத்தையின் சித்தி மகன், அவளுக்குத் தம்பி முறை. ஆங்கில வாசகத்தை விழாவில் படிப்பதற்காக எங்கள் மொழியில் மாற்றித்தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பள்ளி முடித்துவிட்டு எந்த வேலையும் இல்லாமல் இருந்த எனக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது. அத்தையிடம் பெருமையாகப் படித்துக்காட்டினேன். அந்த வரி வந்ததும் மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மறுபடி படி."

படித்தேன்.

"எதிர்பாராத விதமா. ஏமாத்திடுச்சு. வெண்கலத்துலயா அடிச்சிருக்காங்க?"

"ஆமா அத்தை."

அப்படியே செதில் கையோடு தொனானாவின் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் பின்னால் ஓடினேன்.

தொனானா வானொலி கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். "வா அக்கா, உட்காரு. என்ன, கையெல்லாம் மீனா இருக்கு?"

"டேய் தம்பி, நீ எந்த ஊர்ல பொறந்தே?"

"இது என்ன கேள்வி?"

"அரைநிலாவுல நீ படகை எடுத்துட்டு பாறை தாண்டுவியா?"

"ஏன் தாண்டணும்? அடி தட்டும்."

"உனக்குத் தெரியுது. உன் பலகைக்குத் தெரியலையே?"

தொனானா எழுந்து உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்கள் முகம் சுருங்கினால் அவருக்கு இரவு தூக்கம் வராது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாதே. விழாவுக்குச் செத்தவங்களோட சொந்தம் வருது. ஒரு அம்மா வர்றாங்க, எலைன் ஹாஸ்கெல்னு. அவங்க வயித்துல இருக்கும்போதே அவங்க அப்பா இங்க செத்துட்டார். எழுபத்தஞ்சு வயசு. அந்தம்மா வந்து நின்னு, 'தண்ணி இருக்காதுன்னு தெரிஞ்சும் அனுப்பினாங்க'ன்னு பலகையில படிக்கணுமா? அது இரக்கமா சொல்லு."

அத்தை விரலில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டினாள். நான் தொனானா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"பொய் சொல்றது இரக்கமாடா?" என்றாள் அத்தை. "அவ்வளவு தூரம் செலவு பண்ணி வர்றா. அப்பா எப்படிச் செத்தான்னு தெரிஞ்சுக்க வர்றா. நீ அவளுக்குக் கடலைக் காட்டி, 'இதுதான் ஏமாத்திடுச்சு'ன்னு சொல்லப்போறே. நம்ம கடல். நாம சோறு திங்கிற கடல். அது என்னைக்கும் யாரையும் ஏமாத்தினதில்ல. என்ன நிலாவோ அதுக்கு ஏத்த மாதிரி ஏறும், இறங்கும். பார்க்கத் தெரியாதவன் பார்க்கல. இல்ல, தெரிஞ்சும் துணிஞ்சான். ரெண்டுல எதை வேணா எழுது. மூணாவதா ஒண்ணை எழுதாதே."

"பலகை அடிச்சாச்சு அக்கா. கப்பல்ல வந்துட்டு இருக்கு."

"அப்போ நானே சொல்றேன். வரவேற்புப் பேச்சு எங்க வீட்டு முறைதானே? அதுல சொல்றேன்."

அது உண்மை. விழா நடக்கும் கரை அத்தையின் அம்மா வழி நிலம். வந்தவர்களை முதலில் வரவேற்றுப் பேசுவது அந்தக் குடும்பத்தின் முறை. ஊர் கூடும் பெரிய மண்டபத்தில் யார் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், யார் முதலில் பேச வேண்டும் என்பதை எங்கள் ஊரில் அரசாங்கம்கூட மாற்ற முடியாது. தொனானா முகம் தொங்கிப்போனது.

அந்த வாரம் முழுவதும் அத்தை பேச்சைத் தயார் செய்தாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. பாறையில் சிப்பி பொறுக்கும்போது சத்தமாகப் பேசிப் பார்த்தாள். அப்போதுதான் அவள் நாள்காட்டியில் ஒன்றைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"இங்க பாரு. விழா அன்னிக்கு என்ன நிலா?"

தேய்கிற அரைநிலா. போர் நடந்த அன்று இருந்த அதே அரைநிலா, அதே தேதியில் வந்திருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு ஒருமுறை அப்படி வரும் என்று பள்ளியில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"அன்னிக்கு நிலா இன்னும் தூரத்துல இருந்துச்சாம், கர்னலே சொன்னார்" என்றாள். "அதனால ஏற்றம் இன்னும் கம்மி. இந்தத் தடவை ஒரு சாண் கூடுதலா ஏறலாம். பரவாயில்ல. ஒன்பதரைக்கு விழா, பத்தரைக்கு ஏற்றம். நான் பேசிட்டுக் கையைக் காட்டினாப் போதும். கண்ணு இருக்கறவங்க பார்த்துக்கட்டும்."

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மத்தியானம் தொனானா மனைவியோடு வந்தார். அத்தை பாய் விரித்தாள். சோறும் பொரித்த மீனும் வைத்தாள். தொனானா சாப்பிட்டார், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் சொந்தக்காரர் வீடு தேடி வந்து, உட்கார்ந்து, தலை குனிந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. படகைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும், பன்றியைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். கையேயா மாமா முதல் தடவை கப்பலிலிருந்து கொண்டுவந்த தையல் மெஷின் இப்படித்தான் மூன்றே வாரத்தில் போனது. மறுத்தால் கேட்டவருக்கு ஒன்றுமில்லை, மறுத்தவர் முகத்தில்தான் ஊர் விழிக்காது.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்கேன்."

"கேளு."

"உன் பேச்சு முறையை எனக்குக் கொடு."

அத்தை கையைத் தண்ணீரில் கழுவினாள். மெதுவாகத் துடைத்தாள்.

"எடுத்துக்கோ" என்றாள்.

தொனானா கண் கலங்கி, "அக்கா, சங்கத்துல ஏற்கெனவே என்னை..." என்று ஆரம்பித்தார்.

"காரணம் எதுக்கு? கேட்டே, கொடுத்தேன். இன்னொரு துண்டு மீன் வை, உன் பொண்டாட்டி ஒண்ணுமே சாப்பிடல."

அவர்கள் போன பிறகு நான் கத்தினேன். "என்ன அத்தை இது! வாரம் பூரா தயார் பண்ணிட்டு, அவர் கேட்டதும் தூக்கிக் கொடுத்துட்டீங்க! இல்லைன்னு சொல்லியிருக்கலாமே!"

"நீயா இருந்தா சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன்."

அது பொய். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னுடைய ஒரே நல்ல செருப்பை என் சித்தப்பா மகன் போன மாதம்தான் கேட்டு வாங்கிப்போயிருந்தான்.

ஆனால் எனக்கு அடங்கவே இல்லை. செருப்பைக் கேட்பதற்கும் ஒருத்தியின் பேச்சைக் கேட்பதற்கும் வித்தியாசம் இல்லையா? நல்ல வழக்கம்தான் அது, அதனால்தான் எங்கள் தீவில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. அதையே எடுத்து, உண்மை சொல்ல வருகிறவள் வாயில் அடைக்கலாமா? எழுபத்தாறு வருஷத்துக்கு முன் கேட்க வேண்டியவர்களிடம் சரியாகக் கேட்கவில்லை. இப்போது சொல்ல வந்தால் சொந்தத் தம்பியே வந்து தடுக்கிறார். நான் மொழிபெயர்த்த தாளைக் கிழித்துப் போடலாமா என்றுகூட யோசித்தேன். கிழித்தால் வெண்கலம் மாறிவிடுமா?

நவம்பர் இருபது. கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். பலகை நீலத் துணியால் மூடியிருந்தது. கர்னல் பதக்கங்களோடு வந்திருந்தார். இளம் அதிகாரிகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். எலைன் அம்மா முன்வரிசையில் வைக்கோல் தொப்பியும் கைத்தடியுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பின்னால் ஊர் ஜனம், அவர்களுக்கு முன்னால் இடம் பிடித்துச் சந்தைப் பெண்கள்.

தொனானா எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த நிலத்துக் குடும்பத்தின் சார்பில்..." என்று தொடங்கினார். ஊருக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மரேவா பேச வேண்டிய இடத்தில் இவர் ஏன் நிற்கிறார்?

அதே நேரம் அத்தை கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்தாள். விழாவுக்குப் போட்ட நல்ல பூச்சட்டையோடு, கூடையை எடுத்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கினாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக நடந்தாள்.

முதலில் சிறுவர்கள் பார்த்தார்கள். பிறகு பெண்கள். பிறகு வரிசையில் நின்ற அதிகாரிகளின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தொனானா பேசிக்கொண்டே இருந்தார், குரல் மட்டும் வேகமாகிக்கொண்டே போனது. அத்தை சின்னதாகிக்கொண்டே போனாள். முழங்கால், தொடை, இடுப்பு. பாறையின் விளிம்புக்குப் போனதும் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தண்ணீர் அவளுடைய தொப்புளுக்கு மேல் வரவில்லை. அத்தை ஐந்தடி உயரம்கூட இல்லை.

எலைன் அம்மா என் கையைத் தொட்டார். "அவங்க அங்க என்ன பண்றாங்க?"

"நிக்கிறாங்க."

"அது என்ன இடம்?"

"படகுகள் தட்டி நின்ன இடம்."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அதுவரைக்கும் நடந்தே போயிட்டாங்களே. ஏற்றம் எப்போ?"

"இதுதான் ஏற்றம், அம்மா. இன்னும் அரைமணி நேரத்துல இறங்க ஆரம்பிச்சிடும்."

என் வேலை மொழிபெயர்ப்பது. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். அதற்கு மேல் சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

எலைன் அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தார். கர்னல் உதவிக்கு ஓடி வந்தார், அவரைக் கையால் ஒதுக்கினார். தொனானாவைப் பார்த்துக் கேட்டார்:

"மன்னிக்கணும். நீங்க இந்த ஊர்க்காரர். இந்த நாள்ல கடல் இவ்வளவுதான் ஏறுமா?"

தொனானா கர்னலைப் பார்த்தார். ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது.

"நிலாவைப் பொறுத்து..." என்றார்.

"அன்னிக்கு இதே நிலாதானா?"

அந்தக் கேள்விகளை நான் எங்கள் மொழியிலும் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு சந்தைக்காரியின் குரல் கேட்டது: "சொல்லேண்டா தொனானா! நேத்து உன் படகை ஏன் கரையிலேயே கட்டி வச்சிருந்தே? வெயில் காயவா?"

இன்னொருத்தி: "பாவம்டி, கடல் ஏமாத்திடும்னு பயந்துட்டான்!"

ஊரே சிரித்தது. கர்னலுக்கு மொழி புரியவில்லை, ஆனாலும் முகம் சிவந்தது. தொனானாவின் நெற்றியில் வியர்வை கொட்டியது. நான் அவரை வெறுக்கத் தயாராக இருந்தேன். 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவருக்கு விழா தப்பித்துவிடும். ஆனால் ஊர் முன்னால், கடல் முன்னால், ஒரு பேசோக்காரன் எப்படி அதைச் சொல்வான்?

அவர் ஒலிபெருக்கியை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"அதே நிலாதான் அம்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இதுக்கு மேல ஏறாது. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கும் ஒருத்தர் அவங்ககிட்டச் சொன்னார். ஆபத்துன்னு தெரிஞ்சுதான் இறங்கினாங்க." பிறகு எங்கள் மொழியில், எங்களைப் பார்த்து: "இது என் பேச்சு இல்ல. எங்க அக்கா பேச்சு. நான் கேட்டு வாங்கினேன்."

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கர்னல் எலைன் அம்மாவிடம் குனிந்து பகல் வெளிச்சம், மற்றத் தீவுகள், தேதிகள் என்று எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் விளக்கினார். அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. எலைன் அம்மா பொறுமையாகக் கேட்டார். அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. கோபப்பட்டார். வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"என் அம்மா சாகும்வரைக்கும் 'அதிர்ஷ்டம் கெட்டவர்'னு சொல்லிட்டே இருந்தாங்க" என்றார். "அதிர்ஷ்டமாம்! யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சு, இத்தனை பேர் போனாலும் பரவாயில்லைன்னு முடிவு பண்ணியிருக்கார். அது சரியான முடிவாகக்கூட இருக்கலாம். ஆனா முடிவுன்னு சொல்லணும். நான் என்ன குழந்தையா?"

பிறகு செருப்பைக் கழற்றினார். இரண்டு இளம் அதிகாரிகள் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, முழங்கால் அளவுத் தண்ணீர்வரை போய் நின்று, அத்தை நின்ற இடத்தைப் பார்த்தார். அதற்கு மேல் போக அவருக்கு முடியவில்லை. அத்தைதான் திரும்பி நடந்து வந்தாள். நடந்து வர அவளுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. யாரும் சுடாமல் இருந்தும் இருபது நிமிஷம். வரிசை கலைந்து நின்ற அந்த அதிகாரிப் பையன்கள் ஒவ்வொருவரும் கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். எந்தப் படைக் கல்லூரியிலும் இந்தப் பாடத்தை அவர்கள் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எலைன் அம்மா அத்தையின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். அத்தை தொனானாவைக் கண்ணால் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றாள். விழா முடியும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

பலகையின் நீலத் துணியை அன்று யாரும் எடுக்கவில்லை. எலைன் அம்மா எடுக்கக் கூடாது என்றார், சங்கத்துக்காரர்களுக்கு அதை மீறத் தைரியம் இல்லை. பலகை கழற்றப்பட்டு, வந்த கப்பலிலேயே திரும்பிப் போனது.

எட்டு மாதம் கழித்துப் புதுப் பலகை வந்தது. இந்தத் தடவை விழா இல்லை. இரண்டு பேர் வந்து சிமெண்டு பூசி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தொனானாவே வந்து அத்தையைக் கூட்டிப்போனார். நான் படித்தேன்: "கடல் ஏற்றம் போதாததால் படகுகள் பவளப்பாறையில் நின்றன. இந்த ஆபத்தைப் பற்றி முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது."

"பார்த்தியா அக்கா" என்றார் தொனானா. "ஏமாத்திடுச்சுன்னு இல்லை. எதிர்பாராதன்னு இல்லை. உனக்காக மாத்திட்டாங்க."

அத்தை பலகையின் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். "எச்சரிக்கப்பட்டிருந்தது. யாருக்கு?"

"அக்கா..."

"முடிவு பண்ணவன் யாரு? ஏன் பண்ணினான்? அந்தக் காரணமெல்லாம் கர்னலுக்குத் தெரியுதே, பலகைக்குத் தெரியாதா? செத்தவன் பேரு ஆயிரம் எழுத இடம் இருக்கு. அனுப்பினவன் எடுத்த முடிவை எழுத ஒரு வரி இடம் இல்லையா?"

"இவ்வளவு நடந்ததே பெரிசு. விட்டுடு அக்கா."

"கடலை விட்டுட்டாங்க. அந்த மட்டுக்கும் சரி" என்றாள் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "சங்கத்தோட விலாசம் உன்கிட்ட இருக்கா?"

இருந்தது. அன்று சாயங்காலமே அவள் சொல்லச் சொல்ல முதல் கடிதத்தை எழுதினேன். இதுவரை நான்கு அனுப்பிவிட்டோம். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அதில், "தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது" என்று போட்டிருந்தார்கள். யார் கவனத்தில் என்று அதிலும் எழுதவில்லை.